மடிப்பை விலக்கிப் பார்த்தவளுக்கு

குழந்தையின் தொடையிடுக்கு சிவந்தால் இந்த ஊர் குழந்தையைப் பார்க்காது, தாயைத்தான் பார்க்கும். அவள் என்ன சாப்பிட்டாள், துணியை எப்படி அலசினாள், கைக்குழந்தையை விட்டுவிட்டு எதற்காக வேலைக்குப் போனாள் என்று விசாரிக்கும். விசாரணை முடிவதற்குள் குழந்தையின் தோல் உரிந்துவிடும்.

இன்று காலை காவிரிப் பாலத்தில் வேப்பிலை வாடை அடித்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மஞ்சள் உடுத்திய கூட்டம் ஒன்று சமயபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தது. பட்டறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தாலும் ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன். வெயிலில் வதங்கிய வேப்பிலையும் ஈர மஞ்சளும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். என் மகள் கைக்குழந்தையாக இருந்த அந்தப் பங்குனியில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீடு முழுக்க அந்த வாடைதான். அந்த வாடைக்குள்தான் நீ வந்தாய்.

நீ எங்களை விட்டுப் போன மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அழிக்கச் சொன்னவர்களோடு சண்டை போட்டேன். நான் மாறவில்லை, கவலைப்படாதே.

நாம் பிளஸ் டூ படித்தபோது நடந்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. காலாண்டு விடுமுறைக்கு முன் யாரோ டெஸ்குக்குள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளி திறந்த அன்று அதைத் திறந்ததும் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. இட்லியின் மேல் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை. நீ மட்டும் டப்பாவை ஜன்னலோரம் எடுத்துப் போய், மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாய். "ஏய், இங்க வந்து பாருடி. ஒவ்வொரு முடிக்கும் உச்சியில ஒரு உருண்டை இருக்கு. ஊரே கட்டியிருக்குடி!" என்றாய். "கொட்டுடி கருமத்தை" என்று நான் கத்தினேன். நீ பெரிய கடைவீதியில் அத்தர் விற்பவரின் மகள். வீட்டில் அத்தனை நல்ல வாசனை இருக்க இவளுக்கு ஏன் இந்தப் புத்தி என்று நினைத்தேன். அருவருக்கும் இடத்தில்கூட நீ முதலில் வியப்பாய். அதன் அர்த்தம் எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

நீ குழந்தை மருத்துவரானாய். நான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில், செய்து முடித்த இரும்புச் சாமான்கள் அளவு சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். "நீ இரும்பை அளக்குற, நான் அழற புள்ளைங்களை அளக்குறேன். உன் இரும்பு ஆடாம நிக்கும், என் புள்ளைங்க நிக்காது" என்பாய்.

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, நான் வேலைக்குத் திரும்பிய சமயத்தில்தான் அவளுக்குச் சளி பிடித்தது. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சளி போனது, வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு தொடையிடுக்கில் சிவப்பு. பகலெல்லாம் குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்டது என் மாமியார். முழங்கால் வலியோடு துணி மாற்றி அலச முடியாமல் டயப்பரை மாட்டிவிட்டு, அது கனத்துத் தொங்கும்போதுதான் மாற்றுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை.

ஆனால் அவருக்கு வாய் இருந்தது. "கேன்டீன்ல கத்திரிக்கா சாப்பிட்டியா? பால்ல எறங்கியிருக்கு." போனில் நாத்தனார், "அண்ணி, உங்க ஒடம்புச் சூடுதான்." பக்கத்து வீட்டு அக்கா, "துணியில சோப்பு நிக்குதும்மா, நல்லா அலசு." கத்திரிக்காயை நிறுத்தினேன். வெந்தயம் குடித்தேன். துணியை இன்னும் ஒருமுறை அலசினேன். சிவப்பு என் கீழ்ப்படிதலைக் கண்டுகொள்ளவே இல்லை.

என் கணவர் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு களிம்பு வாங்கி வந்தார். அவருடைய படர்தாமரைக்குப் பூசும் அதே களிம்பு. பூசியதும் சிவப்பு வெளுத்தது. "பாத்தியா?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்த வாரமே சிவப்பு முன்னைவிடக் கொழுந்துவிட்டுத் திரும்பி வந்தது. இந்த முறை திட்டின் ஓரத்தைத் தாண்டி, அடிவயிற்றிலும் தொடையிலும் சின்னச் சின்னச் செம்புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்திருக்கா."

உனக்குத் தெரியும், அது எந்த மாதம் என்று. ஊருக்காகச் சமயபுரத்து அம்மனே பட்டினி கிடக்கும் காலம். அத்தையும் விரதத்தில் இருந்தார். இளநீர், மோர், துள்ளு மாவு தவிர எதுவும் தொடமாட்டார். அந்த நேரத்தில் பேத்தியின் உடம்பில் புள்ளி கண்டால் அவருக்கு வேறு என்ன தோன்றும்? வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பது நின்றது. வெளியாள் வரக்கூடாது, குழந்தையை வெளியே தூக்கிப்போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை மருந்து வைக்கக்கூடாது. "மருந்து வெச்சா அம்மா கோவிச்சுக்குவா." வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து அந்த உரிந்த தோலின்மேல் அப்பினார். குழந்தை சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டாள். மார்பில் போட்டால் இரண்டு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். வாசலை மறித்துக்கொண்டு அத்தை அழுதார். கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் கத்தினேன். சாமியைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன், இந்த நாட்டையே திட்டினேன். ஒரு பயனும் இல்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தாள்.

உனக்கு போன் செய்தேன். "போட்டோ அனுப்பாத, நெறம் பொய் சொல்லும். நேர்ல வரேன்" என்றாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, தலையில் முக்காடும் தோளில் பையுமாக மத்தியானத்தில் வந்து நின்றாய். அத்தை கதவைப் பாதி மூடினார்.

"உள்ள வராதம்மா. வீட்ல அம்மா எறங்கியிருக்கா."

உள்ளேயிருந்து நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும் ஆன்ட்டி, வேப்பிலை பாத்தேன். கால் கழுவிட்டு வரவா? இல்ல, குளிச்சிட்டு வரணுமா?"

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்தா வர்ற?"

"ஆமா."

"அப்ப குளிச்சிட்டே வா."

நீ எங்கள் குளியலறையில் குளித்தாய். மாற்றுத் துணி இல்லாமல் என் பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, அதன்மேல் என் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வந்தாய். "நைட்டியில ரவுண்ட்ஸ் போற மொத டாக்டர் நான்தான்டி" என்று என் காதில் சொன்னாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு டாக்டரை வாசலில் நிறுத்திக் குளிக்கச் சொல்கிறார்கள், இவளும் குளித்துவிட்டு வந்து நிற்கிறாளே என்று எரிச்சலும் வந்தது.

ஜன்னலோரம் பழைய வேட்டியை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாய். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, அந்த அரைப்பை ஒற்றி ஒற்றி எடுத்தாய். தேய்க்கவில்லை. தண்ணீர் பட்டதும் வீறிட்டவள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். பிறகு இரண்டு விரலால் தொடை மடிப்பை விலக்கி, போன் வெளிச்சத்தைக் காட்டினாய். அத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும், நான் உட்பட, மடிப்பை விலக்கிப் பார்த்திருக்கவில்லை. உள்ளே பச்சை இறைச்சி போல மினுங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ இன்னும் கிட்டே குனிந்தாய். ஜன்னலோரம் டிபன் பாக்ஸோடு குனிந்த அதே முகம்.

"வெறும் ஈரத்துல வர்ற செவப்புன்னா டயப்பர் ஒரசுற மேட்டுல இருக்கும், மடிப்பு பெரும்பாலும் தப்பிச்சிடும். இங்க மடிப்புக்குள்ளதான் தீயா இருக்கு" என்றாய். இதற்குமேல் நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். 'இது அம்மை இல்லை ஆன்ட்டி' என்பாய், அத்தை அழுவார், பழையபடி சண்டை தொடங்கும். நீ சொல்லவில்லை. அத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டாய்.

"ஆன்ட்டி, நீங்க வீட்லயே அம்மை பாத்தவங்க. முத்து எப்படி இருக்கும்?"

"என் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் பாத்திருக்கேனே. மொதல்ல காய்ச்சல் அடிக்கும். அப்புறம் நெஞ்சு, முதுகு, மூஞ்சின்னு எறங்கும். உள்ள தண்ணி கோத்துக்கிட்டு பளபளன்னு இருக்கும்."

போனை அவர் கையில் கொடுத்தாய். "இதுல தண்ணி இருக்கான்னு பாருங்க."

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பட்டினியில் அவர் கை நடுங்கியது, வெளிச்சமும் நடுங்கியது. நீ அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாய்.

"தண்ணி இல்ல."

"நெஞ்சுல?"

அவரே குழந்தையின் சட்டையைத் தூக்கினார். முதுகைத் திருப்பினார். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தேடினார். வெகுநேரம் தேடினார். கடைசியில் நிமிர்ந்து, "ஒன்னும் இல்லையேம்மா. அப்ப இது என்ன?" என்றார்.

நாள்கணக்கில் தொண்டை கிழியக் கத்தி நான் வாங்க முடியாத அந்தக் கேள்வியை நீ குரலை உயர்த்தாமல் வாங்கிவிட்டாய். அவரைத் தோற்கடிக்கவும் இல்லை. அவர் கண்ணை அவரிடமே கொடுத்தாய்.

பதில் சொல்லும் முன் நீ குழந்தையின் கீழுதட்டை மெல்ல இறக்கினாய். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. "பால்டி அது" என்றேன். "பாலா இருந்தா தொடச்சா போயிடணும்" என்று ஈரத்துணி சுற்றிய விரலால் தொட்டுக் காட்டினாய். போகவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"உனக்கு வலிக்குதா?"

"எனக்கு என்ன?"

"பால் குடுக்கும்போது."

வலித்தது. முள் கம்பியை இழுப்பதுபோல வலித்தது. அவள் குடித்து முடித்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தாய்மை என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன், அல்லது நினைக்க வைத்திருந்தார்கள். சிவப்பு கண்ட நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னைப் பார்த்தார்கள். என்ன தின்றாய் என்று கேட்டார்கள், வலிக்கிறதா என்று கேட்டது நீ ஒருத்திதான். அதையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, குழந்தையின் நாக்கைப் பார்த்துக் கேட்டாய். மூன்று இடத்திலும் இருப்பது ஒன்றுதான் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

"இது பூஞ்சைக்காளான் ஆன்ட்டி. நம்ம எல்லார் ஒடம்புலயும் ஒரு ஓரமா சும்மா ஒக்காந்திருக்கும். சளிக்குக் குடுத்த மருந்து அதோட அக்கம்பக்கத்துல இருந்த நல்ல கிருமியை எல்லாம் காலி பண்ணிடுச்சு. டயப்பருக்குள்ள ஈரம், சூடு, இருட்டு. ராஜ வாழ்க்கை. திட்டைச் சுத்தி புள்ளி புள்ளியா குடி போயிருக்கு பாருங்க, அதுதான் அதோட அடையாளம்." பயமுறுத்தும் குரல் இல்லை அது. புது ஊருக்குப் போய் வந்தவள் சொல்வதுபோலச் சொன்னாய்.

என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்து களிம்பு டியூபை நீட்டினார். நீ அதன் பொடி எழுத்தைப் படித்தாய். "அண்ணே, இதை எந்தப் புண்ணியவான் குடுத்தான்?"

"மெடிக்கல்ல. எல்லாருக்கும் இதான் குடுக்குறாங்க."

"இதுல மூணு மருந்து கலந்திருக்கு. ஒன்னு காளானைக் கொல்லும். இன்னொன்னு ஸ்டீராய்டு, அது தோலோட எதிர்ப்பை அமுக்கிப்போட்டு காளானுக்குச் சோறு ஊட்டும். மூணாவது மறுபடியும் ஒரு ஆன்டிபயாட்டிக். மொதல்ல வெளுத்த மாதிரி இருந்துச்சா?"

"ஆமா."

"செவப்பை மறைச்சுது, அவ்ளோதான். பச்சப்புள்ளையோட மெல்லிசுத் தோல்ல, அதுவும் டயப்பருக்குள்ள வெச்சு மூடினா ஒடம்புக்குள்ள வேற எறங்கும். உங்க படர்தாமரைக்கும் இது வேணாம். நீங்களும் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க." அவர் காலரைச் சரி செய்துகொண்டார். இந்த முறை தூக்கிவிடவில்லை.

காளானுக்கு மட்டுமான களிம்பு எழுதிக் கொடுத்தாய். குழந்தையின் வாய்க்குச் சொட்டு மருந்து. எனக்கும் மருந்து. "ரெண்டு பேருக்கும் சேத்துப் பாக்கலன்னா உன்கிட்டேர்ந்து அவளுக்கு, அவகிட்டேர்ந்து உனக்குன்னு ஊஞ்சல் ஆடும்." வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாக, புள்ளிகளுக்கு வெளியேயும் கொஞ்சம் தள்ளிப் பூச வேண்டும் என்று அத்தையின் கையைப் பிடித்துப் பூசிக் காட்டினாய். பவுடர் கூடாது, வாசனைத் துடைப்பான் கூடாது. முடிந்தவரை எதுவும் கட்டாமல் காற்றில் விட வேண்டும். சிவப்பு போன பிறகும் சில நாள் பூச வேண்டும். "காய்ச்சல் வந்தாலோ, சீழ் வெச்சாலோ, நெஜமாவே தண்ணி கோத்தாலோ வீட்ல வெச்சிருக்காம தூக்கிட்டு வாங்க."

"அப்ப வாசல்ல கட்டினதை அவுத்துடவா?" என்று அத்தை கேட்டார்.

"அது உங்க இஷ்டம் ஆன்ட்டி. புண்ணுல மட்டும் அரைச்சுப் போடாதீங்க."

அத்தை வாசலை எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும். அவளும் புள்ளைங்களுக்காகத்தானே பட்டினி கெடக்கா."

உன்னை வழியனுப்பத் தெருவுக்கு வந்ததும் உன்மேல் பாய்ந்தேன். "ஏன்டி ஒரு வார்த்தை திட்டல? புள்ளையை என்ன பாடு படுத்தியிருக்காங்க!"

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாய். "திட்டிட்டுப் போயிடுறேன். நாளைக்கு நீ பட்டறைக்குப் போனப்புறம் களிம்பு யாரு போடுவா, லூசு?"

மறுநாள் பட்டறைக்குக் கிளம்பும்போது களிம்பை அத்தையின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனேன்.

சிவப்பு ஓரத்திலிருந்து பின்வாங்கியது. தனித்தனிப் புள்ளிகள் முதலில் மங்கின. பிறகு திட்டு சுருங்கியது. மடிப்பு ஆழத்தில் கடைசிக் கோடாக நின்றது, அதுவும் ஒரு நாள் இல்லை. அத்தை விரலைக் கழுவி, துடைத்து, ஒரு பூசாரியின் கவனத்தோடு களிம்பு பூசுவார். குழந்தை கால்களை உதைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் சிரிப்பாள். நான் இரும்போடு பழகியவள். துரு தின்ற இரும்பு திரும்பி வராது, தேய்த்து எடுத்தால் அளவு குறைந்துதான் போகும். இங்கே உரிந்துபோன இடத்தில் ஒரு தழும்புகூட இல்லாமல், பிறந்த அன்று இருந்ததுபோலத் தோல் வந்து மூடியிருந்தது. மறுபடி நீ வந்தபோது அந்த மடிப்பை விலக்கிப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றாய். எத்தனை குழந்தைகளின் தோலைப் பார்த்திருப்பாய், இருந்தும் முதல்முறை பார்ப்பவள் போல நின்றாய். நன்றி என்றேன். "எனக்கு எதுக்குடி? காளானைக் கொஞ்சம் அடக்கி வெச்சோம், காத்து பட விட்டோம். மிச்சத்தை அவ தோலே பாத்துக்கிச்சு. எப்படிப் பாத்துக்குதுன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வராது" என்றாய். எனக்குக் கோபம் வராத சில நிமிடங்கள் அவை.

பிறகு கடந்த மழைக்காலம். உன் வார்டு நிறையக் காய்ச்சல் குழந்தைகள், அதில் உனக்கும் காய்ச்சல். மாற்று ஆள் இல்லை என்றார்களாம். ஓய்வறையில் ஒரு பாட்டில் டிரிப் ஏற்றிக்கொண்டு மறுபடி ரவுண்ட்ஸ் போனாயாம். உன்னோடு வேலை பார்த்த நர்ஸ் சொன்னாள். நோயாளியாக உன்னைக் கட்டிலில் படுக்க வைத்தபோது நேரம் கடந்துவிட்டது. உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் மகளை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். "ஊரான் புள்ளைய எல்லாம் பாத்தா. எம்புள்ளைய யாரும் பாக்கலம்மா" என்றார். அத்தர் கடையைத் திறக்காமல் உன் அத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது பார்வைதான். பட்டறையில் கூட வேலை செய்யும் பெண் குழந்தைக்குப் புண் என்று சொன்னால், நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்பதில்லை. மடிப்பைப் பார்த்தாயா, வாயைப் பார்த்தாயா, உனக்கு வலிக்கிறதா என்று கேட்கிறேன். பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள். பிறகு டாக்டரிடம் அனுப்புகிறேன். கத்துவது குறைந்திருக்கிறது. நிற்கவில்லை.

போன வாரம் மகளுக்குத் தடுப்பூசி போட நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் அறையில் ஒரு புது டாக்டர், நம் வயதுகூட இருக்காது. வெளியே நாற்காலிகள் நிரம்பி, சுவரோரம் எல்லாம் தாய்மார்கள் நின்றார்கள். அவள் பொறுமையாகத்தான் பார்த்தாள். சட்டையைத் தூக்கி ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது அவள் கை பட்டதும் என் மகள் நெளிந்துகொண்டு, "அம்மா, சுடுது" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"டாக்டர், உங்களுக்குக் காய்ச்சலா?"

"லேசாத்தாங்க. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போனேன். குரலை உயர்த்தவில்லை. உன்னைப் போலவே பேசிப் பார்த்தேன்.

"அண்ணே, உள்ள இருக்குற டாக்டருக்கு ஒடம்பு கொதிக்குது. அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

"உங்க டோக்கன் முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. வேற ஆளைக் கூப்பிடுங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

அவர் என் தோளுக்கு மேலே பார்த்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஒரு தாய் குழந்தையோடு எழுந்தாள். நான் நகரவில்லை.

"அவங்களை வீட்டுக்கு அனுப்புங்க."